வகுத்தல்

என் வேலை, சுருக்கமாகச் சொன்னால், ஒரே ஒரு வகுத்தல்.
மேலே சந்தை: ஐயாயிரத்து இருநூற்று எண்பது.
நேற்று மாலை மணியடித்தபோது நின்ற இடம்,
யாரும் மறுக்க முடியாது.
கீழே அடுத்த ஆண்டின் லாபம்: இருநூற்று நாற்பது.
அதை இன்னும் யாரும் சம்பாதிக்கவில்லை.

விடை இருபத்திரண்டு.
பிறக்காத பிள்ளையின் தோளுக்கு
அளவெடுத்துச் சட்டை தைக்கிறோம்;
துணிக்கு மட்டும் இன்றே காசு கொடுத்தாயிற்று.

மில்வாக்கி தீயணைப்பு வீரர்களின் ஓய்வூதிய நிதி,
ஆறாவது மாடி, ஜனவரி.
ஏரி பாதி உறைந்திருக்கிறது.
மேசைக்கு அந்தப் பக்கம் ஜப்லோன்ஸ்கி,
முப்பத்தோரு வருடம் ஏணி வண்டி ஓட்டியவர்:
"விலை அதிகமா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல், லோரெட்டா."

இழுப்பறையில் பச்சை அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.
இடப்பக்கம் ஜனவரியில் சொன்ன எண்கள், பேனாவில்.
வலப்பக்கம் உண்மையில் வந்தவை, பென்சிலில்.
பத்தொன்பது வருடங்களில்
பதினான்கு முறை பேனா பெரியது.
ஒரு வருடம் பென்சில் அதில் பாதிகூட இல்லை.
அந்தப் பக்கத்துக் காபிக் கறை என்னுடையது.

எப்படிக் கரையும் என்று தெரியும்.
பிப்ரவரியில் இரண்டு டாலர்; குளிர் என்பார்கள்.
மே மாதம் நான்கு; வட்டி என்பார்கள்.
கணக்கு வெளிவரும் வாரத்துக்குள்
கம்பத்தை முழங்காலுக்கு இறக்கிவைத்து
தாண்டிவிட்டோம் என்று கைதட்டுவார்கள்.
நானும் தட்டியிருக்கிறேன்.
அந்த வருட போனஸில்தான் வீட்டுக் கூரையை மாற்றினேன்.

ஆகவே சொன்னேன்:
கணித்தவர்கள் சொன்னது பலித்தால் இருபத்திரண்டு மடங்கு.
வழக்கம்போல் பத்தில் ஒன்று உதிர்ந்தால் இருபத்து நான்கரை.
போன வருடம் கைக்கு வந்த லாபத்தை மட்டும் நம்பினால்
இருபத்தாறுக்கும் மேல்.
மூன்றும் ஒரே சந்தை, ஒரே காலை.

"நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தால்
வீடு எரிந்து முடிந்திருக்கும்" என்றார் ஜப்லோன்ஸ்கி.
கொஞ்சம் பொறுத்து,
"சரி, புகை தெரிகிறதா?"

புகை எப்போதும் தெரியும் என்றேன்.
பாதி நாள் அது யாரோ சமைப்பது.

நூற்றுக்கு மூன்றை எடுத்துக் கடன்பத்திரத்தில் போடுவதென்று முடிவு.
நால்வர் கை தூக்கினார்கள்.
மூவர் சன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை என்பதால் மீன் வறுவலுக்குப் போனேன்.
பலகையில் எல்லாவற்றுக்கும் விலை இருந்தது,
பெர்ச் மீனுக்கு மட்டும் சாக்பீஸில் "அன்றைய விலை."
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
பசித்தது.
ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னேன்.