இரண்டு விரற்கடை

தொண்ணூற்றெட்டில் பிறந்த வண்டி.
அந்த வருடம்தான் நான் கால்நடை மருத்துவம் முடித்தேன்.
குளிர்ந்த காலைகளில் கிளம்ப
இருவருக்குமே இப்போது நேரம் பிடிக்கிறது.

வாங்கிய ஞாயிறன்று
பாலா ஊரிலிருந்து டொல்கெத்லை வரை போனேன்.
பதினெட்டு மைல்.
இறங்கியபோது
கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை எறும்பு ஊர்ந்தது.
கடையில் தேநீர்க் கோப்பையை
இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.
எதிர் மேசைக் குழந்தையும் அப்படித்தான் குடித்தது.

மறுநாள் ஒரு கிடாரிக்குத் தலைப்பிரசவம்.
தோள்வரை உள்ளே விட்ட கைக்கு
எது கன்றின் குளம்பு, எது மூக்கு என்று பிடிபடவில்லை.
எனக்குச் சோறு போடும் கை.
கிடாரி திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தது.

அன்றிரவே ஸ்பானரை எடுத்தேன்.

வானத்தைப் பார்த்து நின்ற பிரேக் லீவரை
நீட்டிய விரல்களின் நேருக்குச் சாய்த்தேன்.
கொஞ்சம் தேவலை.
சீட்டைக் கழற்றினேன்,
உள்ளே பஞ்சு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க.

அடியில், பேட்டரிக்குப் பின்னால்
ஒற்றைக் காலுறை ஒன்று.
அதற்குள் இரண்டு அலுமினிய வளையங்கள்,
இரண்டு விரற்கடை உயரம்.
கூடவே
ஃபுட்பெக்கைக் கீழே இறக்கும் தகடுகள், ஒரு ஜோடி.
போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவியிருந்தது.

விற்றவருக்கு போன் செய்தேன்.
ஹெத்வின். கூரைக்குக் கற்பலகை வேய்கிறவர்.
"ஐந்து குளிர்காலம் அதோடுதான் ஓட்டினேன்" என்றார்.
"விற்பதற்கு முந்தின நாள் எல்லாவற்றையும் கழற்றி
கம்பெனியில் வந்தபடியே மாற்றினேன்.
ஒரிஜினலாக இருந்தால்தானே விலை போகும்."

பிறகு ஏன் சீட்டுக்கடியில் விட்டீர்கள்?

அவர் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது, கேட்டது.
"வாங்குகிறவர் இளசாக இருந்தால்
அங்கே பார்க்கவே மாட்டார்" என்றார்.
இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள
எனக்கு இரண்டு நாள் ஆனது.

சனிக்கிழமை அவரே வந்தார்.
ஃபோர்க்கின் கழுத்தில் வளையங்களைக் கோத்து
ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பி
பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று பார்த்தார்.
மயிரிழை மிச்சம் இருந்தது.
ஃபோர்க் தண்டில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்றைச் சுற்றி
முழு உடையோடு என்னை ஏறி உட்காரச் சொன்னார்.
எடை கேட்டார்.
மூன்று கிலோ குறைத்துச் சொன்னேன்.
ஸ்பிரிங் நம்பவில்லை.
ஒன்றும் பேசாமல் ஹெத்வின்
இன்னும் இரண்டு சுற்று முறுக்கினார்.

"டேங்க்கை முழங்காலால் பிடியுங்கள்.
உடம்பை வயிறு தாங்கட்டும்.
கை சும்மா கிடக்கட்டும்,
தூங்குகிற நாயின் முதுகில் கிடப்பதுபோல."
நாய்களைப் பற்றி எனக்கா சொல்கிறீர்கள் என்று
கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

டேங்க்கின் இருபுறமும்
பெயிண்ட் தேய்ந்து மங்கிய இரண்டு இடங்கள்.
அவருடைய முழங்கால்கள்.
என்னுடையவை அதற்கு ஓர் அங்குலம் பின்னால்தான் எட்டின.

சிலுவைக் கணவாயில் ஏறினேன்.
மேலே சாலை நடுவில் ஆடுகள் படுத்திருந்தன;
தார் சூடாக இருந்திருக்க வேண்டும்.
முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்து
அவை எழுந்திருக்கும்வரை நின்றேன்.
ஒன்று நொண்டியது. முன்னங்கால், இடது.
இறங்கி, கையுறையைக் கழற்றி
குளம்பிடுக்கில் சிக்கியிருந்த கல்லைத் தடவிக் கண்டேன்.
கையில் எல்லாம் தெரிந்தது:
ஈரம், அதன் நடுக்கம், கல்லின் கூர்.

ஐம்பத்திரண்டு மைல் அன்று.
வலது இடுப்பு மட்டும் இன்னும் முணுமுணுக்கிறது.
முணுமுணுக்கட்டும்.
அது வண்டியின் குற்றமில்லை,
இரண்டாயிரத்து ஆறில்
ஒரு காளை உதைத்தது.