துளை போன வழி

தன்னூஸ் அதை ஒரு தலையணை உறையில் சுற்றிக்கொண்டு வந்தான்.
புர்ஜ் ஹம்மூத்தில் கரண்ட் இல்லாத மதியம்.
ஜெனரேட்டர்கள் தெரு முழுக்க உறுமிக்கொண்டிருந்தன.
தையல் விட்டுப்போச்சு, முதுகை மட்டும் கட்டிக் கொடு.
துளையில் கை வைக்காதே.
ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறோம்.

அப்பாவின் சட்டைப்பையில் இருந்த வேதப்புத்தகம்.
எழுபத்தாறாம் வருடம். குண்டு பாய்ந்தது. அப்பா பிழைத்தார்.
இதற்குமேல் அந்தக் கதைக்கு
அவர்கள் வீட்டில் வார்த்தை கிடையாது.

ஸபெல் அட்டையைத் திறந்தாள்.
குண்டு முதல் பக்கத்திலிருந்தே வாசித்திருக்கிறது.
ஒளி உண்டான இடத்தில் மிளகளவு ஓட்டை.
வயல்வெளிக்கு அண்ணன் கூப்பிட்ட வரியில்
தம்பி இல்லை.
பழிக்கு எழுபத்தேழு என்று கணக்குச் சொன்னவனிடம்
எண் மட்டும் போயிருந்தது,
கணக்கு நின்றது.
வெள்ளம் வடிந்தபின் மேகத்தில் மாட்டிய வில்லிலும் ஒரு துளை.
வானவில் என்கிறோம்,
அது வில் என்பதை மறந்துவிட்டு.

கடலில் அமிழ்ந்த குதிரைகள். கரையில் தம்புரு.
மதில் விழுந்த ஊர்,
மூச்சுள்ள எதுவும் மிஞ்சாத அதன் சாயங்காலம்.
(நம் வேதத்தில் வாளுக்குப் பட்டயம் என்று பேர்.
நிலத்தை எழுதிக்கொடுக்கும் செப்பேட்டுக்கும்
அதே பேர்.)

தண்ணீர் கேட்டவனுக்குப் பால் கொடுத்துப் போர்த்திவிட்ட பெண்,
கூடார முளை, சுத்தி, உறங்குகிறவனின் நெற்றிப்பொட்டு.
துளை சரியாக அங்கேயே விழுந்திருந்தது.
ஸபெல் விரலை எடுத்துக்கொண்டாள்.

போகப்போகப் பெரிதானது.
அந்நிய ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதவர்கள்
கின்னரங்களை மரத்தில் மாட்டினார்கள்.
பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அது மனப்பாடம்.
கடைசி வரியை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.
பாறை. பச்சைக் குழந்தைகள்.
அப்படிச் செய்கிறவனுக்கு வாழ்த்து.
குண்டு நின்றது அங்கேதான்.

அதற்கப்புறம் கிழிசல் கிடையாது.
மண்வெட்டியாகும் வாள்கள், ஆட்டுக்குட்டியோடு தங்கும் ஓநாய்,
மறு கன்னம், சமாதானம் பண்ணுகிறவர்கள்,
எல்லாம் முழுசாக இருந்தன,
ஆளுக்கொரு சின்னப் பள்ளத்தோடு,
பக்கத்து வீட்டில் அடி விழுவதைச்
சுவர் வழியே கேட்டவர்கள் போல.
மண்வெட்டியைத் திரும்ப வாளாக அடிக்கச் சொன்ன தீர்க்கதரிசியும்
சற்றுத் தள்ளி, காயமில்லாமல் இருந்தான்.

ஈயத்தை அம்மா அன்றைக்கே எடுத்துச்
சங்கிலியில் கோத்துக்கொண்டாளாம்.
துளையின் அடியில் ஒரு காகித உருண்டை மிச்சம்.
இடுக்கியால் பிரித்தாள்.
பொட்டுப் பொட்டாக, முந்நூறு தாள்கள் இழந்த வட்டங்கள்.
தம்பி. முளை. எழுபத்து. பால். எங்கே.
ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி,
யாரும் எழுதாத ஒரு வசனம்.

உங்கப்பாகிட்டயும் துப்பாக்கி இருந்துச்சா, என்று கேட்டாள்.
எல்லார்கிட்டயும் இருந்துச்சு.
தன்னூஸ் தெருவைப் பார்த்தான்.
ஒரு ஜெனரேட்டர் இருமி நின்றது.
சாவடியில் ஒருத்தன், என்றான். பைக்குள்ள கையை விட்டான்.
அடையாளச் சீட்டெடுக்கவா, வேற எதுக்காவதா, தெரியாது.
அப்புறமும் அந்தப் பையில என்ன இருந்துச்சுன்னு அப்பா பாக்கல.
கண் போன பிறகு அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தார்.
என்ன வச்சிருந்தான், என்ன வச்சிருந்தான்னு.

முதுகைத் தைத்தாள். கோதுமைப் பசை, சணல் நூல், புதுத் தோல்.
சனிக்கிழமை வந்து வாங்கிப்போனான்.
விலை பேசவில்லை. உருண்டையைக் கேட்கவும் இல்லை.

அதை ஒரு மாத்திரை டப்பாவில் மூடிவைத்திருக்கிறாள்.
கரண்ட் வரும் இரவுகளில்
ஒரு வட்டத்தை எடுத்து விளக்கில் காட்டுகிறாள்.
பின்பக்கமும் எழுத்து இருக்கிறது.
அது வேறு சொல்.