பூஜ்யத்துக்குக் கீழே

எடைமேடையில் எனக்குப் பூஜ்யம் என்றால்
லாரி இறங்கிப்போன வெற்று இரும்பு.
அங்கிருந்துதான் எல்லாம் ஏறும்.
கையகல இந்தப் பெட்டியில்
(ஆறு தவணையில் இரண்டு இன்னும் பாக்கி)
பூஜ்யம்தான் கூரை.
ஆகவே எல்லாம் கழித்தலில் நடக்கிறது.
மைனஸ் நாற்பது, மைனஸ் இருபது.
"பன்னிரண்டுல நிறுத்து" என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டதைக் கேட்டு
இம்தியாஸ் கிட்டாரிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை, இரண்டாம் மாடி.
மே மாதம். மின்விசிறியை அணைத்தாயிற்று.
மண்டியில் பகலெல்லாம் பெங்களூரா மாங்காய் ஏற்றியவன்
பால் பிசுக்குப் போக
இரண்டுமுறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருந்தான்.
கிட்டாருக்கான பொத்தானை அழுத்த மறந்து
அரைமணி நேரம்
அந்த ஒல்லிச் சத்தத்துக்குத் தந்தியைத் திட்டினோம்.
பிறகு உறுமல்.
இந்த வீட்டுச் சுவருக்குள் எர்த் கம்பி
இருப்பதாக வீட்டுக்காரர் மட்டும்தான் நம்புகிறார்.
லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். அடங்கியது.
மீதி, முப்பத்தொரு சதவீதம்.

"சும்மா வாசி, அளவு பார்க்கணும்."

பெண் பார்க்கப் போன வீட்டில்
காபி குடிப்பவன் மாதிரி வாசித்தான்.
குமிழைப் பத்து மணிவரை திருகினேன்.
பச்சை, நல்ல பச்சை.
"சரி, போலாம்."

மூன்றாவது பகுதியில் வந்தது அது.
தோள் முன்னால் சாய்ந்தது, தாடை இறுகியது,
பெட்டியில் சிவப்பு
ஒருமுறை, பிறகு விடாமல்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம்.
கூராக இருக்கவேண்டிய உச்சிகளெல்லாம்
ஜெகதேவிப் பக்கம் கம்பி ரம்பத்தால் அறுத்த
கல்மலை மாதிரி
ஒரே மட்டத்தில் தட்டையாக நின்றன.
"அப்புறமா குறைச்சுக்கலாமே?"
குறைக்கலாம்.
சின்னதாக, தட்டையான மலை கிடைக்கும்.

லாரிக்காரர்களும் இப்படித்தான்.
பின்சக்கரம் ஒன்றை மேடைக்கு வெளியே விட்டுவிட்டு
கண்ணாடி வழியே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
நான் இறங்கிப் போய் டயரைத் தட்டுவேன்,
அவர்கள் ஒரு முழம் முன்னால் எடுப்பார்கள்,
எண் தாவும்.
இவனுடைய எந்தச் சக்கரம் வெளியே நிற்கிறது என்று
இவ்வளவு வருஷப் பழக்கத்திலும்
இறங்கிப் போய்த் தட்டிப் பார்த்ததில்லை நான்.

இப்போதும் கேட்கவில்லை.
"கோபம் வர்ற இடத்தை மட்டும் முதல்ல வாசி,
நிஜமாவே வாசி" என்றேன்.
என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான்.
வாசித்தான்.
பத்து மணியிலிருந்த குமிழ் ஒன்பதுக்கு வந்தது,
அவன் நிறுத்தவில்லை,
எட்டரைக்கு வந்தது.
அடித்த அடியில் தந்தி பிரெட்டில் மோதித் தெறித்தது.
முள் மைனஸ் எட்டைத் தொட்டுத் திரும்பியது.
மேலே இன்னும் இடம் இருந்தது.
அந்த இடத்தை அவனுக்கே விட்டேன்.

முழுப் பாட்டும் ஒரே மூச்சில் முடிந்தது.
திரையில் எறும்புச் சாரை போல ஒரு கோடு.
"இவ்ளோதானா?" முகம் விழுந்துவிட்டது அவனுக்கு.
ஹெட்போனை அவன் தலையில் மாட்டி
பக்கத்துக் குமிழைத் திருகினேன்.
வாங்குவதற்கு ஒரு குமிழ்,
கேட்பதற்கு வேறு குமிழ்.
அவன் கண் எங்கேயோ போனது.
மூன்றாவது பகுதி வந்தபோது
ஹெட்போனைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு
மாடி வாசலில் போய் நின்றுகொண்டான்.

நான் கேட்டேன்.
எதுவும் உடையவில்லை.

லாரி போனபிறகு மேடையைத் தனியாக எடைபோடுவது பழக்கம்.
யாரும் வாசிக்காத பத்து நொடியைப்
பதிந்துகொண்டேன்.
மைனஸ் எழுபத்திரண்டு.
பேட்டரி நாலு சதவீதம்.
சேமிக்கவா என்று கேட்கிறது.