அரைச் சுற்று

டச்சுபே மணலில் பின்னேரம் ஐந்துக்குப் பலகை நடுவேன்.
ஐந்து வரிசை பலூன்,
ஒரு காற்றுத் துவக்கு.
பத்துச் சன்னம் இருநூறு ரூபா.
எட்டு உடைத்தால் பீங்கான் கோப்பை,
பத்தும் உடைத்தால் சுவர் மணிக்கூடு.
மணிக்கூடு இரண்டு வருசமாய்
பொலித்தீன் உறைக்குள்ளேயே ஓடுகிறது.

நேற்று ஒரு நேவிப் பெடியன்,
வெயிலில் காது தோலுரிந்தவன்,
ஏழைத் தவறவிட்டான்.
"அக்கே, மேக்க வமட்ட அதினவா."
இடப்பக்கம் இழுக்குதாம்.
காற்று என்றேன்.
கடலில் அப்போது ஒரு சுருக்கம்கூட இல்லை.

குழல் வாயில் ஓர் இரும்பு வளையம்,
அதன் முதுகில்தான் முன்குறி நிற்கிறது.
அது பாற்பல்லுப்போல ஆடுவது எனக்குத் தெரியும்.
வளையம் ஒரு நெல்லளவு விலகினால்
பலகையில் ஒரு சாண் விலகும்.
"தொடாத பூரணி, அதுதான் எங்கட முதல்"
என்று சொல்லிப்போட்டுத்தான்
மனிசன் கட்டாருக்கு ஏறினார்.

பெடியன் காசு கேட்கவில்லை.
துவக்கை மெதுவாய் வைத்துவிட்டுப் போனான்.
அந்த மெதுவுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

பாலையூற்றில், யதுர்ஷி படுத்த பிறகு,
குசினி நிலத்தில் பேப்பர் விரித்தேன்.
குழலை மடித்து
உள்ளே சன்னம் இல்லையென்று பார்த்தேன்.
பிறகு இன்னொருக்கால் பார்த்தேன்.
அந்த இன்னொருக்காலை
எனக்கு எங்கே, யார் பழக்கினார்கள் என்று
மனிசனுக்கும் சொன்னதில்லை.

வளையத்தின் அடியில் கடுகளவு ஆணி.
அலன் கீ போட்டதும் கழன்று வந்தது,
இதற்கென்றே காத்திருந்ததுபோல.
உள்ளே கறள், உப்பு, யாரோ அப்பிய பழைய பசை.
மண்ணெண்ணெயில் துடைத்தேன்.
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை
விரலகலத்துக்கு வெட்டி
குழலில் ஒரு சுற்றுச் சுற்றி
வளையத்தை ஏற்றினேன், முனகிக்கொண்டு ஏறியது.
முன்குறி நிமிர்ந்து நிற்கிறதா?
ஒற்றைக் கண்ணை மூடினேன்.
குசினி யன்னல், அதற்கப்பால் மதில், மதிலில் பூனை.
பூனையிலிருந்து குழலை இறக்கினேன்.
பதினேழு வயசிலும் நான் இடக்கண்ணைத்தான் மூடினேன்.

ஆணியை இறுக்கவும் ஓர் அளவு இருக்கு.
மிஞ்சினால் புரி செத்துப்போகும்.
விரல் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.
ஆடாமல் இருக்க
மகளின் றோஸ் நிற நெயில் பொலிஷில் ஒரு துளி.
மிஞ்சியதை என் சுட்டுவிரல் நகத்தில் துடைத்தேன்.

இன்றைக்கு எல்லாரும் உடைத்தார்கள்.
மூதூரிலிருந்து வந்த புதுப் பெண்சாதி ஒருத்தி
புருசனை விட இரண்டு கூட.
கோப்பைகள் ஆறரைக்கு முடிந்துவிட்டன.
நேவிப் பெடியன் வந்தான்.
குழலைக் கடலுக்குத் திருப்பி நீட்டினேன்.
அவன் கண் என் கையில் ஒரு கணம் நின்றது.
பத்தும் உடைந்தன.
"யார் திருத்தினது?" என்று தமிழில் கேட்டான்.
கின்னியாவில் ஒரு லேத்துக்காரர் என்றேன்.
வளையத்தின் றோஸ் நிறத்தைப் பார்த்தான்,
என் நகத்தைப் பார்த்தான்,
மணிக்கூட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு
"நல்ல லேத்துக்காரர்" என்றான்.

சனம் கலைந்த பிறகு
டோர்ச் அடித்து ரப்பர்த் துண்டு பொறுக்கினேன்.
விட்டால் மான்கள் தின்னும்.
வழமையில் ஒரு பிடி, இன்றைக்கு ஒரு பை.
ஒரு கொம்பன் மான் பக்கத்திலேயே நின்று
நான் எதைத் தவறவிடுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

இன்றைக்கு நட்டம் நாலாயிரத்து முந்நூறு.
நாளைக்கு வெள்ளி, சனம் கூடும்.
அரைச் சுற்றுப் பின்னால் திருப்பினால் போதும்.
அலன் கீ மடியில் கிடக்கிறது.
நெயில் பொலிஷ் இறுகிப்போச்சு, இனி அசையாது என்று
அதனிடம் சொல்லிப் பார்க்கிறேன்.