கடைமடை

எங்கள் ஊருக்கு எல்லாம் கடைசியாகத்தான் வரும்.
மேட்டூரில் மதகு திறந்து
பதினெட்டு இருபது நாள் கழித்து
வாய்க்கால் தரை நனையும்.
சில வருடம் அதுவும் இல்லை.

வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பதும்
அப்படித்தான் வந்து சேர்ந்தது,
ஒன்பது மாதம் கழித்து.
அதுவரைக்கும் அது சூட்டுக்கட்டி.
நாத்தனார் மஞ்சள் குழைத்துப் பற்றுப் போட்டாள்.
அவளைக் குறை சொல்ல மாட்டேன்.
அவளுக்கும் யாரும் சொல்லவில்லை.

டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னபோது
மேல்வரப்பு ஓரத்தில் இருக்கும் புற்றுதான் நினைவுக்கு வந்தது.
வெள்ளிக்கிழமை பால் ஊற்றிக்
கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவோம்.
வெட்டினால் பாவம்.

இதை வெட்டினார்கள்.
முறைவைத்துத் தண்ணீர் விடுவதுபோல
மூன்று வாரத்துக்கு ஒருதரம்
ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள்.
பிறகு சீட்டில் எழுதினார்கள்:
கரண்ட், இருபத்தைந்து.

கரண்ட் என்றால் எனக்குத் தெரிந்தது
போர்செட் கொட்டகையில்
கருகிக் கிடந்த வைரக்கண்ணு.

விடியற்காலை நாலே முக்கால் வண்டி.
மன்னார்குடி தாண்டித்தான் வெளுக்கும்.
முதல் நாள் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள்
முத்துப்பேட்டை ஜெய்னம்பு.
அவளுக்கு அன்றைக்குப் பதினெட்டாவது.
நான் எதுவும் கேட்கவில்லை.
கையைப் பார்த்திருப்பாள்.

"சுடாது. வலிக்காது. ரெண்டு நிமிஷந்தான்.
மெஷின் சுத்தும், நீ அசையாதே.
கோடு போட்டிருக்காங்கள்ல, குளிக்கையில தேய்ச்சுடாதே,
அழிஞ்சா திரும்ப அளக்கணும், சாயங்கால வண்டி போயிடும்.
அந்த இடத்துல பவுடர் போடாதே.
தோல் கருக்கும். கருக்கட்டும்.
வெடிச்சா மட்டும் நர்ஸுகிட்ட காட்டு, வெட்கப்படாதே.
பேரப்புள்ளைய தூக்கலாம், யாருக்கும் ஒட்டாது.
உன் டம்ளரைத் தனியா வச்சிருக்காங்களா?
எடுத்து எல்லாத்தோடயும் கலந்து கவுத்து."

அன்று ராத்திரி கவிழ்த்தேன்.
மருமகள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
காலையில் அதில்தான் டீ குடித்தார் வீட்டுக்காரர்.
தெரிந்து குடித்தாரா, தெரியாமலா,
இன்றுவரைக்கும் நான் கேட்டதில்லை.

மார்பிலே ஊதாக் கோடுகள்,
நடவுக்குக் கயிறு பிடித்த மாதிரி நேராக.
நான் நடவுக்குப் போகாத குறுவை அது.

எட்டாம் நாள் ஜெய்னம்புக்கு முடிந்தது.
பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் பேரீச்சம்பழம் தந்தாள்.
என் மாத்திரைக் கவரில் தன் நம்பரை எழுதினாள்.
கார்த்திகையில் ஒரு தடவை போட்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
மறுபடி போடவில்லை.
ஏன் என்று கேட்காதீர்கள்.

எனக்கும் முடிந்து
முடி வளர்ந்துவிட்டது, முன்னைவிடச் சுருட்டையாக.
செக்கப்புக்குப் போகும்போதெல்லாம்
அந்தப் பெஞ்சில் கொஞ்சநேரம் உட்காருவேன்.
யார் கை நடுங்குகிறது என்று பார்ப்பேன்.
சீட்டின் பின்பக்கம் என் நம்பரை எழுதித் தருவேன்.
பாதிப்பேர் கூப்பிடுவதில்லை.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு போன்.
கோடியக்காடு என்றாள்.
எங்களுக்கும் கீழே.
"நாளைக்கு முதல் கரண்ட்டுக்கா."
அதற்குமேல் பேச்சு வரவில்லை.
பின்னால் ஒரு குழந்தை
ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமாகச்
சொல்லிக்கொண்டிருந்தது.

"அங்கே மழையா?" என்றேன்.
"ஆமாக்கா."

"சுடிதார் வேணாம், முன்பக்கம் திறக்கிற சட்டையாப் போட்டுக்க.
சங்கிலிய கழட்டி வீட்ல வை.
காப்பீட்டு அட்டை, ஆதார், ரெண்டுக்கும் ஜெராக்ஸ்.
எதாவது சாப்பிட்டுட்டு வா, வெறும் வயிறு வேணாம்.
திருத்துறைப்பூண்டில வண்டி கால் மணி நேரம் நிக்கும்.
பக்கத்து சீட்டுல துண்டு போட்டு வை.
ஜன்னலோரம் வேணாம், ஒழுகும்."