சக்கரத்துக்கு வைத்த கல்

கேத்தி பாலாடாவில் இரவு இரண்டு மணிக்குக்
கழுவிய கேரட் ஏற்றுகிறார்கள்.
நாற்பத்திரண்டு மூட்டை.
தார்ப்பாய் கட்டும்போதே
என் வலது காலின் பெருவிரல் மட்டும்
செருப்புக்குள் மடங்கிக்கொள்ளும்.
எனக்கு முன்பே அது
மேட்டுப்பாளையம் புறப்பட்டுவிட்டது.

போன ஆடியில்
ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில்
பிரேக் மிதி தரைவரை போனது.
மலைப்பக்கம் ஒடித்தேன்,
மண்ணில் முட்டி நின்றது.
பதினோரு மூட்டை சிதறி
குரங்குகளுக்கு நல்ல காலை.
ஒரு கீறல்கூட இல்லை என்று
எல்லோரும் சொன்னார்கள்.
நானும் சொன்னேன்.

இப்ராம்ஷா புது சிலிண்டர் போட்டார், புது லைனிங்.
பில் சட்டைப்பையிலேயே இருக்கிறது.
நெஞ்சு அடிக்கத் தொடங்கினால் எடுத்துக் காட்டுவேன்:
பார், தேதி, தொகை, முத்திரை.
பயத்துக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது.
தெரிந்ததெல்லாம் ஒரு வாசனை,
லைனிங் தீயும் வாசனை.
டீக்கடையில் யாரோ பாலைத் தீயவிட்டாலும்
கால் தரையை அழுத்துகிறது.

பாட்டைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன்.
வேறு ஆளை வண்டிக்கு அனுப்பிவிட்டு
நான்கு நாள் வீட்டில் படுத்திருந்தேன்.
வளைவு வீட்டுக்கே வந்தது.
கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை
பதினான்கு கொண்டை ஊசி.
போகாமல் இருக்க இருக்க
சரிவு கூடிக்கொண்டே போனது.

பிறகு ஒருநாள்
எதிர்க்கவும் தெம்பில்லாமல் சும்மா கவனித்தேன்.
அது ஒன்பதில் வருவதில்லை.
பதினொன்றிலேயே ஏறிக்கொள்கிறது.
முதலில் உள்ளங்கை, பிறகு தொண்டை,
பத்தில் காது அடைக்கிறது.
ஒன்பதில் ஸ்டீயரிங் ஒடிக்கும் வேலை,
அதற்கு யாரும் காது கொடுப்பதில்லை.
எட்டில் நான் கொட்டாவி விடுகிறேன்.
கடிகாரம் பார்த்தேன்: நான்கு நிமிஷம்.
இவ்வளவு பெரிய மிருகம்,
ஆயுள் நான்கு நிமிஷம்.

அன்றிலிருந்து பக்கத்து சீட் அதற்குத்தான்.
வந்தியா, உக்காரு.
மூச்சை மெல்ல வெளியே விடுவேன்
இரண்டாம் கியரில் இறங்குவதுபோல,
பாரத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும்.
சில நாள் பேசாமல் வரும்.
சில நாள் கையைப் பிடித்து இழுக்கும்.
இழுக்கிற நாளில் ஓரம் கட்டிவிடுவேன்.
இதில் வெட்கம் என்ன.

இன்று விடியலில் பத்தாம் வளைவில் ஒரு கார்.
கரூர்க்காரர்கள். முன்சக்கரத்தில் புகை.
அதே வாசனை.
பெருவிரல் மடங்கிய காலோடுதான் இறங்கினேன்.
ஓட்டி வந்த பெண் பிரேக்கை மிதித்தபடியே
உட்கார்ந்திருந்தாள், விரல்கள் வெளுத்து.
"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று
கணவர் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார்,
தனக்கும் சேர்த்து.
சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனவரைத் தடுத்தேன்.
தானா ஆறட்டும் சார்.

என் கால்மாட்டில் கிடக்கும் கல்லைக் கொண்டுபோய்
சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன்.
"இனி உருளாது. காலை எடுக்கலாம்."
"எடுத்தா?"
"கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் பாருங்க."
ஆறு நிமிஷம் ஆனது அவளுக்கு.
என் கை நடுங்குவதை அதற்குள் பார்த்துவிட்டாள்.
"உங்களுக்குமா?"
"தினமும். பதினொண்ணுல ஆரம்பிக்கும்."
"எதுல முடியும்?"
"எட்டுல."
தலையாட்டினாள், ரேட் கேட்டுக்கொண்டதுபோல.

முக்கால் மணி கழித்து இறங்கிப் போனார்கள்.
எட்டு தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது,
கல்லை ரோட்டிலேயே விட்டிருக்கிறேன்.
பின்னால் வருகிறவன் என்ன ஆவான்.
வண்டியை ஓரம்கட்டி மேலே நடந்தேன்.

ஒன்பதாம் வளைவை நடந்து பார்த்ததே இல்லை.
தடுப்புச்சுவரில் பல் டாக்டர் விளம்பரம்,
நீல எழுத்து, பாதி உதிர்ந்திருந்தது.
எத்தனை வருஷமாய் இருக்கிறதோ.
ஃபோன் நம்பரில் ஒரு எண்ணைக் காணோம்.

கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.
கொட்டாவி வந்தது,
ஒன்பதிலேயே.