ரத்தான ரசீது

பஹாஹீலில் எங்கள் பள்ளிக் கட்டணச் சன்னலில்
கண்ணாடியை அரைவட்டமாய் வெட்டியிருக்கிறார்கள்.
கை மட்டும் உள்ளே வரலாம்.
பதினோரு வருடமாய் நான் பார்ப்பது கைகளைத்தான்:
மருதாணி, கிரீஸ், கனத்த கடிகாரம்,
ரப்பர் வளையம் போட்ட தினார்க் கட்டு.

நவம்பர் கடைசியில் வந்த கை நகம் கடித்திருந்தது.
வேறு பள்ளிப் பிள்ளை. எங்கள் மையத்தில்
கால்குலஸ் எழுத வேண்டுமாம்.
இங்கேயே எழுதித் தேறிவிட்டால்
கல்லூரியில் அந்தப் பாடத்துக்குத் திரும்பக் காசு கட்ட வேண்டாம்.
"கிரெடிட் கிடைக்கும் ஆன்ட்டி."

கிரெடிட் என்றால் எனக்கு வலப்பக்கப் பத்தி, வரவு.
அல்லது கைபேசியில் பேச்சு நடுவே தீர்ந்துபோவது.
அல்லது பக்காலாவில் ரஃபீக்குல் நோட்டில் குறித்துக்கொள்வது.
இன்னும் சேராத கல்லூரியில்
இப்போதே வரவு வைப்பதை
எந்தப் பேரேட்டிலும் நான் கண்டதில்லை.

கட்டணம் நாற்பத்தாறு தினார்
எழுநூற்றைம்பது ஃபில்ஸ்.
புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் இந்த நாட்டில்.
சில வீடுகளின் காய்கறி
அந்த மூன்றுக்குள்தான்.

அந்த வருடம் ஊரிலிருந்து ஒரு நிதி வந்திருந்தது,
வெளிநாட்டுப் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்துக்கு.
பொதுப்பணம்.
விருதுநகரில் யாரோ வாங்கிய சோப்பில்,
ஆம்பூரில் யாரோ வாங்கிய செருப்பில்
காசு காசாய்ப் பிடித்த வரி
கடல் தாண்டி என் மேசையில்
ஐந்து பக்கப் படிவமாய்க் கிடந்தது.
கொடுத்தவர்கள் முகம் அதில் எங்கும் இல்லை.
கேட்பவர் முகம் மட்டும் இரண்டு பிரதி,
வெள்ளைப் பின்னணியில்.

தகப்பன் ஞானதாஸ், சுத்திகரிப்பு ஆலையில் சாரம் பார்ப்பவர்.
நிதியின் வரம்பு முந்நூறு.
சம்பளச் சான்றில் முந்நூற்று இருபது.
நீல மை, கம்பெனி முத்திரை, கோணாமல் குத்தியது.
"அது நாலு மாசமா வரல ஆன்ட்டி"
பஸ் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள்.

சான்று பொய் சொல்லவில்லை.
சம்பளம் முந்நூற்று இருபதுதான்.
கொடுத்தீர்களா என்று
அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

விதியை இரண்டு தடவை படித்தேன்.
"வருமானத்துக்கு ஆதாரம்" என்றிருந்தது.
எந்த ஆதாரம் என்று இல்லை.
வங்கிக் கணக்குத்தாளைக் கொண்டுவா என்றேன்.
ஜூலை, ஒன்றுமில்லை.
ஆகஸ்ட், ஒன்றுமில்லை.
செப்டம்பரில், மீதி குறைந்ததற்காக
வங்கியே இரண்டு தினார் எடுத்திருந்தது.
அக்டோபருக்கு எடுக்கவும் எதுவுமில்லை.
ஒன்றுமில்லாததற்கு
"உண்மை நகல்" என்று முத்திரை குத்தியது
அதுதான் முதல் தடவை.

ஒருமுறை திரும்பி வந்தது, புகைப்படத்தில் காது தெரியவில்லையென்று.
ஒப்புதல் வந்தபோது பிப்ரவரி, மழை.
முழுத்தொகை, எழுநூற்றைம்பது ஃபில்ஸ் உட்பட.
ஆனால் பதிவு டிசம்பரோடு முடிந்துவிட்டது.
இனித் தாமதக் கட்டணம், பதினெட்டு தினார்.
தாமதத்தை நிதி ஏற்காது,
தாமதித்தது நிதியே ஆனாலும்.

"வியாழன் வரைக்கும் டைம் குடுங்க" என்றது கை.

வியாழக்கிழமை ஒன்றேகாலுக்கு,
நான் கல்லாவைப் பூட்டும் நேரம்,
அரைவட்டத்துக்குள் வந்தன
ஐந்து தினார்த் தாள் ஒன்று,
மற்றதெல்லாம் கால் தினார், அரை தினார்.
ஓரம் மடங்கியவை, வியர்த்தவை,
ஒன்றில் பிரியாணி வாசனை.
"எங்க பில்டிங்ல மூணு எட்டாங்கிளாஸ் பசங்க,
அல்ஜீப்ரா" என்றாள்.
மூன்று தடவை எண்ணினேன்.
முதல் தடவையே சரியாக இருந்தது.

பொதுநிதி பெயரில் ஒரு ரசீது.
அடுத்ததில் பழக்கமாய்
"ஞானதாஸ்" என்று எழுதித் தள்ளினேன்.
கை அதைத் தன் பக்கம் திருப்பிப் படித்தது,
மறுபடி உள்ளே தள்ளியது.
"கட்டுனது நான் ஆன்ட்டி."

கிழிக்கக் கூடாது, எண்ணிட்ட புத்தகம்.
குறுக்கே கோடு போட்டு, அடுத்த தாளில் எழுதினேன்:
ஞா. ஆன்ஸி. பதினெட்டு தினார், மூன்று பூஜ்ஜியம்.

ஞாயிற்றுக்கிழமை தணிக்கையில் மேலாளர்
ரத்தான ரசீதுக்குக் காரணம் கேட்டார்.
பெயர்ப் பிழை,
என்று எழுதிக்கொடுத்தேன்.